கைகள் கற்க வேண்டிய பாடம்

(முதலுதவிப் பயிற்சித் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பயிற்சியைத் தொடங்கிவைத்த மூத்த மருத்துவர் ஐயா அவர்களே, பணி நெருக்கடிக்கிடையிலும் வந்திருக்கும் தீயணைப்பு நிலைய அலுவலர் அவர்களே, இந்த அரங்கத்தை மனமுவந்து தந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, நேற்றிலிருந்து ஓடியாடி உழைக்கும் தொண்டர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். "ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளி உங்கள் பொறுப்பு" என்று மருத்துவர் ஐயா சொன்னார்கள். எத்தனையோ உயிர்களைக் கரையேற்றியவர் வாயிலிருந்து வந்த சொல் அது. நான் அதற்கு உரை எழுதுகிறவன் மட்டுமே.

மூன்று செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். நின்றுபோன இதயம், நிற்காத இரத்தம், அடைபட்ட தொண்டை.

முதலாவதைச் சொல்கிறேன். ஒருவர் நம் கண்ணெதிரே சுருண்டு விழுகிறார். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டும் பதில் இல்லை. மூச்சு இல்லை, அல்லது நீண்ட இடைவெளி விட்டு, கரையில் போட்ட மீனைப்போல் வாய் திறந்து மூடுகிறது. அதைப் பார்த்து, 'மூச்சு இருக்கிறது' என்று நம்பி விலகி நிற்பவர்கள் பலர். அது மூச்சல்ல, இதயம் நின்றுவிட்டதன் அடையாளம். இரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். அந்த நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கின்றன. ஒருவரை ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். மண்டியிட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பின் நடுவில் வையுங்கள். மறுகையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல், 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுதாக மேலெழ விடுங்கள். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். முறிந்த எலும்பு கூடும். போன உயிர் கூடாது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 செ.மீ. என்பது எவ்வளவு என்று காதுக்குத் தெரிந்து என்ன பயன், கைக்குத் தெரிய வேண்டாமா? சித்திரமும் கைப்பழக்கம் என்றார்கள் பெரியவர்கள். உயிர் காப்பதும் கைப்பழக்கம்தான்.

இதோ, மேடைக்குக் கீழே படுத்திருக்கிறாளே ஒரு பொம்மைப் பெண், அவள் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. நார்வே நாட்டில் ஸ்டாவாங்கர் நகரில் ஆஸ்மண்ட் லேர்டால் என்றொரு பொம்மைத் தயாரிப்பாளர் இருந்தார். 1950களில் ஒருநாள் அவருடைய சின்ன மகன் தண்ணீரில் மூழ்கிவிட்டான். தகப்பனே ஓடிப்போய்த் தூக்கினார், உள்ளே போன நீரை வெளியேற்றினார், பிள்ளை பிழைத்தான். பிள்ளையைக் கையில் ஏந்தி நின்ற அந்தத் தகப்பனை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்! பின்னர் சில மருத்துவர்கள் அவரைத் தேடி வந்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டப் பயிற்சி பெற ஒரு பொம்மை வேண்டும் என்றார்கள். மென்மையான பிளாஸ்டிக்கில் பொம்மை செய்து பழகிய கை அவருடையது, உடனே இசைந்தார். முகம் யாருடையது? பாரிஸில், சேன் ஆற்றில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகம். அந்த முகத்தின் அச்சு அக்காலத்து ஐரோப்பிய வீடுகள் பலவற்றின் சுவரில் தொங்கியது. உறவினர் வீட்டில் அதைப் பார்த்த நினைவு லேர்டாலுக்கு இருந்தது. பொம்மை 1960இல் வெளிவந்தது. யாரும் காப்பாற்ற வராமல் போன ஒரு பெண்ணின் முகத்தில் உலகம் முழுவதும் மக்கள் உயிர் காக்கப் பழகுகிறார்கள், தாய்மார்களே! அதே 1960இல்தான் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி இதயத்தை இயக்கலாம், அதற்குத் தேவை இரண்டு கைகள் மட்டுமே என்று எழுதினார்கள்.

அந்த இரண்டு கைகளை எங்கே பழக்குவது? பள்ளிக்கூடத்தில். எங்கள் இயக்கம் ஓயாமல் கேட்பது இதைத்தான். நார்வே 1961லேயே பள்ளிகளில் தொடங்கிவிட்டது. டென்மார்க் 2005இல் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. அடுத்து, ஓட்டுநர் உரிமம் கேட்பவர்களும் முதலுதவி கற்க வேண்டும் என்றது. 2001இல் அங்கே மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் சுமார் 21 விழுக்காட்டினருக்கே அருகிலிருந்தவர்கள் மார்பழுத்தம் தந்தார்கள். 2010இல் அது சுமார் 45 ஆனது. முப்பது நாளுக்குப் பிறகும் உயிரோடிருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 ஆக உயர்ந்தார்கள். ஆம்புலன்ஸ் சேவையும் சிகிச்சையும் மேம்பட்டதும் காரணம்தான்; ஆனாலும் கற்ற கைகளின் பங்கை யார் மறுக்க முடியும்? 12 வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்ற பரிந்துரையை உலகச் சுகாதார நிறுவனமே 2015இல் ஆதரித்தது. இரண்டே மணி நேரம்! பாடப்புத்தகத்தில் ஒரு படத்தைப் போட்டு, தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி வைத்துவிட்டால் கடமை முடிந்ததா? சித்திரமும் கைப்பழக்கம், பொம்மை இல்லாமல் இந்தப் பாடம் இல்லை.

நேரம் ஆகிவிட்டதென்று தலைவர் அவர்கள் அன்போடு நினைவூட்டுகிறார்கள். இரத்தப்போக்கைப் பற்றி இரண்டு வரி. சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்துக் கையால் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். ஏதேனும் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். தொண்டை அடைப்புக்கு என்ன செய்வதென்று பயிற்சியாளர்கள் செய்தே காட்டுவார்கள்.

தீர்மானத்தைப் படிக்கிறேன்: "எல்லாப் பள்ளிகளிலும் 12 வயது முதல் ஆண்டுதோறும் இரண்டு மணி நேரம், பயிற்சிப் பொம்மையுடன், முதலுதவி கட்டாயமாகக் கற்பிக்கப்பட வேண்டும்." கையெழுத்துத் தாள் வாயிலருகே இருக்கிறது. முதல் கையெழுத்திட இசைந்த தலைமையாசிரியை அம்மாவுக்கு நன்றி. பொம்மைகள் நான்குதான் இருக்கின்றன. மாணவர்கள் முதலில் வரட்டும், பெரியவர்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள்.