பல்லில் கறை எப்படி வந்தது? பாட்டியின் கதையிலிருந்து தொடங்கும் ஆய்வு

[காட்சி: கொழிஞ்சாம்பாறை கடைவீதி. தமிழிலும் மலையாளத்திலும் பெயர்ப்பலகைகள்.]

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் இது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி என்று வரிசையாகத் தமிழ் பேசும் ஊர்கள். மழை குறைவு, போர்வெல்லை நம்பித்தான் பிழைப்பு. இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பாறையில் இருப்பது கரைந்து வருகிறது. நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. காய்ச்சினாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டும்போது பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டு, மஞ்சள், பழுப்பு என்று கறை விழுகிறது. அளவு மிக அதிகமாகி, பல வருஷம் அதையே குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும்.

இதை ஆராய ஒரு குழு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் நீளமான ஃபாரம். "தினமும் எத்தனை லிட்டர் தண்ணீர் குடிப்பீர்கள்?" யார் அளந்து பார்த்தார்கள்? வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிள்ளைக்கு ஒழுங்காகப் பல் விளக்கிவிடவில்லை என்று நினைப்பார்களோ என அம்மாவுக்குக் கூச்சம் வேறு.

அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "நீங்க வந்த நாள்ல இருந்து இந்த வீட்டுக்குத் தண்ணி எங்கெங்கிருந்து வந்துச்சு, சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால்?

[காட்சி: திண்ணை. பாட்டியின் குரல்.]

"நான் வாக்கப்பட்டு வந்தப்ப ஊர்க்கிணத்துத் தண்ணிதான் கண்ணு. அது வத்திப்போயி போர் போட்டாங்க. பெரியவனுக்கு அப்ப பத்து வயசு, அவன் பல்லு நல்லாத்தான் இருக்குது. அப்புறம் பொறந்ததுங்களுக்குத்தான் இந்தக் கறை."

பாட்டி கற்பனைதான். ஆனால் அவர் சொன்னதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள். நிலைத்த பற்களின் மேல்பூச்சு ஈறுக்குள்ளேயே உருவாகிறது. ஏறக்குறைய 8 வயதோடு அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்கப்புறம் அதே தண்ணீரைக் குடித்தாலும் முன்பல்லில் இந்தக் கறை விழாது. பெரியவன் தப்பித்தது அதனால்தான். எந்தத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், எந்த வருஷத்துக்கு அப்புறம் பிறந்தவர்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பேச்சில் துப்பு கிடைத்துவிட்டது. ஞாபகம் பிசகலாம். அதனால் தண்ணீரையும் பல்லையும் சோதித்தே ஆக வேண்டும். ஆனால் எங்கே தேடுவது என்பதைக் காட்டியது கதை.

வாயால் சொல்வது மட்டும்தான் கதை என்றில்லை. 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் கிராமத்துப் பெண்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள். எடுத்த படங்களை வைத்து அந்தப் பெண்கள் தங்கள் வாழ்க்கையைப் பேசினார்கள். இங்கே செல்போனே போதும். பள்ளிப் பிள்ளைகள் வீட்டுத் தண்ணீர் வரும் வழியைப் படமெடுத்து வரட்டும்.

[காட்சி: தோல்பாவைக்கூத்துத் திரை, பின்னால் விளக்கு வரிசை.]

பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் கூத்துக்கென்றே இருக்கும் கூத்துமாடங்களில் தோல்பாவைகளை வைத்துக் கம்பராமாயணம் இரவு இரவாக நடக்கும். பாட்டோடு நிற்காமல் பாவைகள் விளக்கம் சொல்லும், வாதமும் செய்யும். ஆய்வை ஊருக்கு விளக்கவும் அந்த முறை பொருந்தும். ஒருவர் சந்தேகம் கேட்க, இன்னொருவர் பதில் சொல்லட்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கதை சொல்லி மனசை இளக்கி ஆய்வில் சேரக் கையெழுத்து வாங்குவது தப்பு. சொல்லும் கதையில் "எங்களுக்கு வேண்டாங்க" என்று மறுக்கும் ஒரு குடும்பமும் இருக்கட்டும். அவர்களுக்கு ரேஷனோ சிகிச்சையோ எதுவும் நிற்காது என்பதும் வரட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, ஆய்வைப் பற்றிய தகவலை அவரவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. 7 வயதிலிருந்து பிள்ளையின் வாய்மொழி ஒப்புதலும், 12 வயதுக்கு மேல் எழுத்து ஒப்புதலும் வேண்டும்.

அப்புறம் முடிவு. அது பத்திரிகையில் வருவதற்கு முன்னால் திண்ணைக்கு வர வேண்டும். எந்தப் போர்வெல்லில் எவ்வளவு ஃபுளோரைடு, எதைக் குடிக்கலாம், எது துணி துவைக்க மட்டும் என்று ஆஷா ஒர்க்கரோ அங்கன்வாடி டீச்சரோ வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம். குடிக்க வேறு தண்ணீரே இல்லாத தெரு எது என்று தெரிந்துவிட்டால், பரிசோதனைத் தாளோடு அந்தத் தெருக்காரர்களே பஞ்சாயத்துக்குப் போகலாம். குழுவும் கூடப் போக வேண்டும்.