களத்தில் தொடங்கும் ஏற்றுமதி
(காரைக்குடியில் வணிகர்கள், விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, மாவட்டத் தொழில் மையத்திலிருந்து வந்து சிறப்பித்திருக்கும் மேலாளர் அவர்களே, வேளாண் துறை அலுவலர்களே, சாப்பாட்டைத் தள்ளிவைத்துக் காத்திருக்கும் வியாபாரப் பெருமக்களே, முன்வரிசை ஆச்சிமார்களே, இளையான்குடிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்த விவசாயிகளே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அது கண்டாங்கியாக இருந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

குண்டு மிளகாய், ஆத்தங்குடித் தரைக்கல், கண்டாங்கிச் சேலை என்று மூன்றைப் பேச வந்திருக்கிறேன். ஏற்றுமதி மேடையில் எல்லோரும் ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்பார்கள். நான் பிடித்துக்கொண்டிருப்பது வேறு: அகல உழுவதை விட ஆழ உழு.

கடல் நமக்குப் புதிதா? பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் நம்மவர்கள், நகரத்தார், கொடுத்த கடனில் காடு வயலானது. அந்த அரிசி உலகமெல்லாம் போனது. 1930இல் நெல் விலை சரிந்தது. வாங்கியவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈட்டு நிலம் வட்டிக்கடைக்கு வந்து விழுந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நம்மவர் கையில். 1937 வாக்கில் 25 பங்கு. கேட்க எவ்வளவு பெரிய சொத்து! கேட்டது ரொக்கம், வந்தது சேற்று வயல். 1942இல் ஜப்பான் படை வந்தது. அஸ்ஸாம் வழியாக நடந்தே திரும்பியவர்கள் உண்டு. மிச்சத்தைப் பர்மாவின் 1948 நில நாட்டுடைமைச் சட்டம் எடுத்துக்கொண்டது. அகல உழுதோம் ஐயா, அடுத்தவர் மண்ணில்.

மிளகாய் விளைவதும் பதமாவதும் இங்கே நடந்தால், பறிப்புக் கூலி, காம்பு கிள்ளும் கூலி, சாக்கு, லாரி வாடகை எல்லாம் இந்த ஊர்க் கடைகளில்தான் சுற்றும். சிவகங்கை முத்துப்பட்டியில் நறுமணப் பொருள் பூங்கா இருக்கிறது. தூத்துக்குடியில் துறைமுகமும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வகமும் இருக்கின்றன. நம் குண்டு மிளகாய்க்கு, ‘ராமநாதபுரம் முண்டு மிளகாய்’ என்ற பெயரில், 2023இல் புவிசார் குறியீடும் வந்தாயிற்று. குறியீடு பூஞ்சணத்தைத் தடுக்காது.

பூஞ்சணம் விடும் நஞ்சு அஃப்லடாக்சின். வற்றலில் அதன் பி1 வகை கிலோவுக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டினாலோ, மொத்த அஃப்லடாக்சின் 10ஐத் தாண்டினாலோ ஐரோப்பாவுக்குள் சரக்கு இறங்காது. இந்த நஞ்சு வறுத்தாலும் போகாது, அரைத்தாலும் போகாது. வருவது எங்கே? மண் தரையில், ரோட்டோரத்தில். பகலில் பாதி காய்ந்த பழத்தை இரவில் தார்ப்பாய்க்குள் குவித்தால் உள்ளே வியர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும். எடை கூட்டச் சந்தைக்கு முதல் நாள் தண்ணீர் தெளிக்கிறார்களே, அது தனக்குத் தானே வைக்கும் உலை.

செய்ய வேண்டியது சிமென்ட் களம். நன்றாகப் பழுத்ததை மட்டும் பறித்து, 2 அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, அடிக்கடி கிளறி, சோடையையும் வெடித்ததையும் தனியே பொறுக்க வேண்டும். பனி இறங்குமுன் கூரைக்குள் அள்ள வேண்டும். குலுக்கினால் விதை கலகலக்கும். அதை மட்டும் நம்பி மூட்டை பிடிக்காதீர்கள். ஈரமானியில் 10 சதவீதம் காட்டட்டும். பிறகு மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி ஒரு வரி: அது சூளையில் வேகாத கல், ஓரம் எளிதில் உடையும். படுக்க வைக்காமல் நிறுத்திக் கட்டுங்கள். கண்டாங்கிக்கு நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார்.

மேலாளர் அவர்களே, புதிய ஏற்றுமதிப் பயிற்சி வகுப்பு வேண்டாம். ஊராட்சிக்கு ஒரு களம், ஒரு கூரை, ஒரு ஈரமானி கொடுங்கள். அகல உழுவதை விட ஆழ உழு. தையில் பழம் சிவக்கத் தொடங்கிவிடும். அதற்குள் சிமென்ட் காய்ந்திருக்க வேண்டும்.