லட்ச ரூபா சிலேட்டு

வணக்கம் நேயர்களே. முதல்லயே சொல்லிடறேன், நான் கம்ப்யூட்டர் ஆளு கிடையாது, படம் வரையறவன். சிவகாசி பிரஸ்ஸுகளுக்கு காலண்டர் படம், பட்டாசு பெட்டி லேபிள், சின்னப் பிள்ளைங்க கதைப் புத்தகத்துக்கு உள்படம், இதான் ரொம்ப வருஷமா பொழப்பு. நிகழ்ச்சி நடத்துற தம்பி போன் பண்ணி, அண்ணே நீங்க ஆப்பிள் கம்பெனியோட ஐபேட் ப்ரோ டேப்லெட் வச்சிருக்கீங்களாமே, அது வாங்கலாமா வேணாமானு நிறைய பேர் கேக்குறாங்க, வந்து பேசுங்கன்னார். சரினு வந்துட்டேன்.

என்கிட்ட இருக்கிறது 2024 மே மாசம் அறிவிச்ச 13 இன்ச் எம்4 மாடல், எம்4ங்கிறது உள்ள இருக்கிற சிப்போட பேரு. கனம் 5.1 மில்லிமீட்டர் தான், எடை 579 கிராம். முதல்ல கையில எடுத்தப்ப உடைஞ்சிடுமோனு பயந்துகிட்டு ரெண்டு கையாலயும் ஏந்திப் பிடிச்சேன், கோயில் பிரசாதம் மாதிரி. 2025 அக்டோபர்ல எம்5 மாடலும் வந்தாச்சு, விலை அதே தான், உருவமும் அதே தான், உள்ள சிப்பு தான் வேற. அதனால நான் சொல்றது பெரும்பாலும் ரெண்டுக்கும் பொருந்தும்.

நல்லதுல இருந்து ஆரம்பிக்கறேன், அதுவும் பென்சில்ல இருந்து. பென்சில் ப்ரோனு ஒண்ணு, ஸ்கிரீன்ல வரையற டிஜிட்டல் பேனா. அதை விரல்ல உருட்டினா பிரஷ்ஷும் கூடவே உருளும். கேக்க சின்ன விஷயம். ஆனா தட்டை பிரஷ்ல தமிழ் எழுத்து எழுதினவங்களுக்குத் தெரியும், 'ழ' போடும்போது கோடு எறங்கி கீழ வளையற இடத்துல பிரஷ்ஷ கொஞ்சம் திருப்பணும், இல்லேனா தடிமன் மெலிசு கெட்டுப் போய் எழுத்து செத்த மாதிரி இருக்கும். இத்தனை வருஷமா எந்த டிஜிட்டல் பேனாவுலயும் எனக்கு வராத அந்தத் திருப்பம் இதுல வருது. 'தீபாவளி நல்வாழ்த்துகள்'னு அதுல எழுதின அன்னைக்கு வீட்டம்மாவ கூப்பிட்டு காட்டினேன், அவங்க நல்லாருக்குனு சொல்லிட்டு குக்கர் விசில் எண்ண போயிட்டாங்க.

அப்புறம் ப்ரோகிரியேட்னு படம் வரையற ஆப். ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியா தீவுல இருக்கிற கம்பெனி பண்ணினது. ஒரு தடவ காசு கட்டினா முடிஞ்சுது, மாசாமாசம் வாடகை இல்ல. ரெண்டு விரலால ஸ்கிரீன தட்டினா கடைசியா போட்ட கோடு அழிஞ்சிடும். இது எவ்வளவு கெட்ட பழக்கம்னா, இப்ப பேப்பர்ல வரையும்போது தப்பு வந்தாலும் என் விரல் பேப்பர தட்டுது.

இப்ப ஸ்கிரீன். இங்க தான் நான் கொஞ்சம் நின்னு பேசணும். உள்ள ஓலெட்னு, தானே வெளிச்சம் விடற அடுக்கு ரெண்ட ஒண்ணுமேல ஒண்ணு வச்சிருக்காங்க, வெளிச்சத்த ரெண்டும் பங்கு போட்டுக்கும், அதனால ஒரு அடுக்குக்கு சுமை கம்மி. சாதாரணமா 1000 நிட்ஸ் (ஸ்கிரீன் வெளிச்சத்த அளக்கிற அளவு) வரைக்கும் வெளிச்சம், கறுப்புன்னா நெசமான கறுப்பு. மயில் கழுத்து நீலம் போட்டா அப்படியே ஜொலிக்கும். அந்த ஜொலிப்பு தான் எனக்கு வில்லன் ஆச்சு! ஏன்னா பிரஸ்ல இருக்கிறது நாலு இங்க் தான், சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஸ்கிரீன் வெளிச்சத்தால கலர் காட்டுது, பேப்பர் தன்மேல விழற வெளிச்சத்த திருப்பி அனுப்பி கலர் காட்டுது. ஸ்கிரீன் காட்டுற நீலத்துல, பச்சையில நிறைய நாலு இங்க்கால எட்டவே முடியாத இடத்துல இருக்கு. புதுசு வாங்கின குஷியில ஒரு முருகர் படம் போட்டு அனுப்பினேன், ப்ரூஃப், அதான் சாம்பிளுக்கு அடிக்கிற பிரதி, வந்தப்ப மயில் என்னமோ மூணு நாள் மழையில நனைஞ்ச மாதிரி இருந்துச்சு. மிஷின்ல நிக்கிற அண்ணன் சொன்னார், நீ டிவிக்கு வரைஞ்சிருக்கப்பா, நாங்க பேப்பர்ல அடிக்கிறோம்னு. தப்பு முழுக்க என்னோடது. ப்ரோகிரியேட்ல படம் ஆரம்பிக்கும்போதே அந்த நாலு இங்க்குக்கு ஏத்த ஃபோர் கலர் ப்ரொஃபைல் எடுத்துக்கலாம், நான் எடுக்கல. இப்ப அதை எடுத்து, ஸ்கிரீன் வெளிச்சத்த பாதிக்கு கொறச்சு வச்சுட்டு தான் வரையறேன். யோசிச்சுப் பாருங்க, அந்த ஸ்கிரீனுக்காக தான அவ்வளவு காசு கொடுத்தேன், இப்ப அதை அணைச்சு வச்சுட்டு வேலை பாக்கறேன். வீடியோ பண்றவங்க, யூடியூப் படத்துக்கு வரையறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல.

காசுன்னு வந்ததால அதையும் பேசிடலாம். இந்தியாவுல 13 இன்ச் ஆரம்ப விலை 1,29,900 ரூபா. பென்சில் பெட்டிக்குள்ள இருக்காது, அது தனியா 11,900. கீபோர்டு கவர் வேணும்னா 33,900. கூட்டினா 1,75,700. சின்னது, 11 இன்ச், 99,900ல ஆரம்பிக்குது. பழைய பென்சில் 2 வச்சிருக்கவங்க அதை இதுல ஒட்டி ஓட்டிக்கலாம்னு நெனைக்காதீங்க, இதுக்கு அது சேராது. கீபோர்டையும் மாட்டிட்டா எடை கிட்டத்தட்ட மேக்புக் ஏர் கிட்ட வந்துடும், அந்த லேப்டாப்போ எம்4 சிப்போட 99,900க்கு வந்தது. டைப் அடிக்கிறது தான் முக்கிய வேலைனா எதுக்கு இங்க வரணும்னு எனக்குப் புரியல.

இன்னொரு சூட்சுமம், படம், ஃபைல் சேத்து வைக்கிற இடம் 256, 512 ஜிபி இருக்கிற எம்4 மாடல்ல, வேலை ஓடுற மெமரி, அதாவது ரேம், 8 ஜிபி தான், 1 டிபி, 2 டிபில தான் 16. எம்5ல கீழ் மாடலுக்கு 12 ஆக்கிட்டாங்க. இது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எங்க இடிக்கும்னா, படம் பெருசாக பெருசாக லேயர், அதான் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு வரையற கண்ணாடித் தாள் மாதிரி, அதோட எண்ணிக்கை கொறஞ்சுகிட்டே போகும். பெரிய காலண்டர் சைஸ் வரையறவங்க லேயர ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒட்டி தான் ஓட்டணும். ஸ்கிரீன்ல டியூப்லைட் பளிச்சுனு தெரியாம இருக்கிற அந்த சொரசொரப்பு கண்ணாடியும் 1 டிபிக்கு மேல எடுக்கறவங்களுக்கு மட்டும் தான், அதுக்கும் தனிக் காசு.

சாஃப்ட்வேர் பத்தி சொன்னா சிரிப்பீங்க. முதல் ஐபேட் வந்தது 2010ல. அதுல கால்குலேட்டர் கெடையாது. நூறு ரூபா போன்ல கூட இருக்கிற கால்குலேட்டர் ஐபேட்டுக்கு எப்ப வந்துச்சு தெரியுமா, 2024ல, பதினாலு வருஷம் கழிச்சு. ஆனா வந்தது வந்துச்சு, பென்சிலால கணக்க கையெழுத்துல எழுதி சமம் குறி போட்டா விடை அதுவே எழுதிக்குது. இந்தக் கருவியோட குணமே இது தான், மிஷின் முன்னாடி ஓடும், சாஃப்ட்வேர் மூச்சு வாங்கிட்டு பின்னாடி வரும். 2025 செப்டம்பர்ல வந்த ஐபேட்ஓஎஸ் 26ங்கிற சாஃப்ட்வேர்ல தான் ஜன்னல் ஜன்னலா ஆப்ப திறந்து இழுத்து வைக்கிற வசதி ஒழுங்கா வந்துருக்கு. தமிழ் டைப் அடிக்க தமிழ்99, அஞ்சல்ங்கிற ரெண்டு கீபோர்டு முறையும் கூடவே வருது, அதுல கொறை சொல்ல மாட்டேன்.

ஆனா வீட்டுக்கு வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க. இதுல ஆளுக்கொரு அக்கவுண்ட் கிடையாது. உங்க பையன் கார்ட்டூன் பாக்க எடுத்தான்னா உங்க மெயில், உங்க போட்டோ, நீங்க பாதியில விட்ட படம் எல்லாம் அவன் விரல் நுனியில. எங்க வீட்டுப் பொடியன் ஒரு விநாயகருக்கு மீசை வச்சுட்டான், நல்லவேளை தனி லேயர்ல வச்சான். சாம்சங் டேப்லெட்ல ஆளுக்கொரு அக்கவுண்ட் வச்சுக்கலாம். எஸ்9 அல்ட்ரா மாதிரி பெரிய மாடல்ல பேனா பெட்டியிலயே வரும், மெமரி கார்டு போடலாம், தண்ணி பட்டாலும் தாங்கும்.

படம் பாக்க, பாடம் படிக்கனு கேக்குற பசங்களுக்கு நான் ப்ரோ வாங்க சொல்றதே இல்ல, சாதாரண ஐபேட் போதும். கையால கோடு போட்டு சம்பாதிக்கிறவங்க மட்டும், கடைக்குப் போய் அந்தப் பென்சில கையில வாங்கி ஒரு 'ழ' எழுதிப் பாருங்க.

தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கை காட்டுறார், நேரம் ஆச்சு போல. நானும் இப்படியே பிரஸ்ஸுக்குப் போகணும், இன்னொரு மயில் ப்ரூஃப் எடுத்து வச்சிருக்காங்களாம்.