கணக்கு வகுப்பில் ஓர் ஆசிரியை

நேயர்களுக்கு வணக்கம். பாடம் நடத்துபவர் ஆணா பெண்ணா என்பது கல்லூரி மாணவரின் படிப்பைப் பாதிக்குமா என்று வடசென்னையில் கணிதம் கற்பிக்கும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். பாதிக்கும், ஆனால் எல்லோரையும், எல்லாப் பாடத்திலும் ஒரே அளவில் அல்ல.

வருங்கால அதிகாரிகள் பட்டப்படிப்பு படிக்கும் அமெரிக்க விமானப்படை அகாடமியில், கட்டாயப் பாடங்களுக்கு மாணவர்கள் தங்கள் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது. வகுப்புகள் குலுக்கல் போல ஒதுக்கப்படுகின்றன. பாடத்திட்டமும் தேர்வும் எல்லோருக்கும் பொது. ஆகவே கெட்டிக்கார மாணவிகள் தாமாகவே பெண் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்துகொண்டார்கள் என்று சொல்ல அங்கே இடமில்லை. அந்தப் பதிவுகளைக் கொண்டு கேரல், பேஜ், வெஸ்ட் என்னும் மூவர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கணிதம், அறிவியல் ஆகியவற்றின் தொடக்கநிலைப் பாடங்களைப் பெண்கள் நடத்தியபோது மாணவிகளின் மதிப்பெண் உயர்ந்ததும், கணக்கில் முன்பே வலுவாக இருந்த மாணவிகள் அத்துறைகளிலேயே பட்டம் பெறுவது கூடியதும் தெரியவந்தன. ஆண் மாணவர்களிடம் பெரிய வேறுபாடு தென்படவில்லை.

இது எனக்கு வியப்பளிக்கவில்லை. கொருக்குப்பேட்டையிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வரும் என் மாணவிகளில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். விடையைச் சரியாகப் போட்டுவிட்டு, நோட்டைப் பக்கத்திலிருப்பவளுக்கு மட்டும் காட்டி, வகுப்பு முடிந்தபின் ஆசிரியர் அறை வாசலில் "மேடம், ஒரு டவுட்டு" என்று நிற்பாள் ஒருத்தி. நோட்டை வாங்கிப் பார்த்தால் அதில் பிழையே இருக்காது. சரி என்று ஒருவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆண் ஆசிரியரின் அறை வாசலில் அப்படி நிற்க, யார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் அவளைத் தடுக்கிறது. அதற்காக ஆண் ஆசிரியர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. வகுப்பிலேயே பெயர் சொல்லி அழைத்து, பலகையில் கணக்கைப் போட வைக்கும் ஆசிரியரிடம் இதே பெண்கள் தயக்கமின்றிப் படிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

மாணவர்கள் ஆசிரியருக்கு மதிப்பெண் போடும் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகம் காணாத இணையவழி வகுப்பொன்றில், ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு உதவி ஆசிரியர்கள் சில குழுக்களுக்குத் தம் பெயரிலும் சிலவற்றுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் நடத்திய ஓர் அமெரிக்க ஆய்வு உண்டு. சிறிய ஆய்வுதான். திருத்திய தாள்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தும், பெண் பெயர் கொண்டவருக்கே 'காலம் தவறாமை'யில் குறைந்த மதிப்பெண் விழுந்தது.

புதிய கல்வியாண்டுக்குக் கால அட்டவணை போடும் துறைத்தலைவர்கள், முதலாமாண்டுக் கணிதத் தாளில் ஒன்றையேனும் பெண் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், அவருடைய பதவி உயர்வை அந்தப் படிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.