நாற்பது வயதில் அகரம்
(மட்டக்களப்பு, படுவான்கரையில் எழுத்தறிவு தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வயலில் வேலை கிடக்க, அதை விட்டுவிட்டு வந்திருக்கிற தாய்மாருக்கு முதல் வணக்கம்.

வயதுவந்தோர் கல்விக்கான பணத்தை வெட்டும்போது யாரும் அறிவித்துவிட்டு வெட்டுவதில்லை. போதனாசிரியரின் கொடுப்பனவு பிந்தும். அவர் ஓய்வுபெற்றால் அந்த இடத்துக்கு ஆள் வராது. வகுப்பு நடந்த பலநோக்கு மண்டபத்தில் உரமூட்டை ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இல்லையென்றால் பெற்றோர் கேற்றைப் பூட்டிப் போராடுவார்கள். இங்கே மகஜர் எழுத வேண்டியவர்களே எழுதத் தெரியாதவர்கள். கத்தி முதலில் இந்தப் பக்கம் விழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. அடுத்த ஆண்டு சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பாடு வந்தது. சிக்கனம் வேண்டும்தான். ஆனால் 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய இதே அரசுதானே முன்வந்தது? எழுத்தறிவு இருந்தால் கடனே வந்திராது என்று நான் சொல்லமாட்டேன். வறட்சி படித்தவரையும் கடனாளியாக்கும்.

ஆனால் எங்கள் வகுப்புக்கு ஒரு தாய் கொண்டுவந்த கடன் பத்திரத்தைச் சொல்கிறேன். அன்று பாடத்தை மூடிவைத்துவிட்டு எல்லோரும் அதைத்தான் வாசித்தோம். வாரத் தவணை மேலே பெரிய எழுத்தில்; வட்டி அடியில் பொடி எழுத்தில். பக்கத்து வீட்டுக்காரியின் கடனுக்குச் சாட்சிக் கையொப்பம் போட்டதாகவே அவர் நினைத்திருந்தார். அவர் பெயர் இருந்ததோ பிணையாளி என்ற இடத்தில். அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்க என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். நாற்பது தாண்டியவருக்குச் சிலேட்டுக்கு முன்னால் கண்ணாடி வேண்டும். அதற்கென்று எந்தச் செலவுத் தலைப்பிலும் காசு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இவர்கள் ஏன் சிறுவயதில் படிக்கவில்லை என்று கொழும்பில் இருப்பவர் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். மட்டக்களப்பில் இருந்துகொண்டு கேட்கக் கூடாது. 1990இல் போரினால் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகமே அகதிமுகாமாகக் கிடந்தது. அன்று முதலாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளைகள் இன்று நாற்பதைக் கடந்துவிட்டார்கள். கட்டாயக் கல்வி 16 வயதோடு கைகழுவிவிடுகிறது. அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையோ எழுத்தறிவின்மையை முற்றாக ஒழிப்பதை அரசின் குறிக்கோளாக எழுதிவைத்திருக்கிறது. வயதெல்லை எதுவும் போடவில்லை.

நம்மூர் மேடைகளில் விபுலானந்த அடிகளுக்கு மாலை தவறுவதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டே, திருவேட்களத்துச் சேரிக்குப் போய் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மாலை போடுபவர்கள் இதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

பிரதேச சபைகள் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றியாக வேண்டும். மண்டபத்தின் மின்கட்டணம், கண்ணாடிகள், போதனாசிரியரின் பஸ் காசு: இவ்வளவுக்கு ஒரு வரி அதில் ஏறட்டும். இங்கே முன்வரிசையில் உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். கூட்டம் கலைவதற்குள், எந்த அமர்வில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவருவீர்கள் என்று இந்தத் தாய்மாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.