ஏட்டுச் சுரைக்காயும் கைக்கு வராத வினாத்தாளும்

(நீட் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தமிழ் வினாத்தாள் கேட்டு, கேரளத்துப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, வெயிலோடு வெயிலாக வேலந்தாவளத்திலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கியை இரவல் தந்த கோயில் கமிட்டிப் பெரியவர்களே, பி.டி.ஏ. தாய்மார்களே, வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். டாக்டராகிற பிள்ளைக்கு என்ன திறன் வேண்டும்? சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது எங்கே வழுக்குகிறோம்? பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது அதைத்தான் நாலு படியாகப் பிரித்தார்கள்: தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்து காட்டுவான், தானே செய்வான். இரத்த அழுத்தம் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியை ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். கையில் சுற்றும் பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும். காற்றை நொடிக்கு இரண்டு மூன்று புள்ளியாக இறக்க வேண்டும். விறுவிறுவென்று இறக்கினால் மேல் எண் குறைந்து வரும். இவ்வளவும் கற்றவன், "பேசாம இருங்கம்மா, கையைத் தளர விடுங்க" என்று சொல்லத் தெரியாமல் நின்றால்? நெஞ்சு கரிக்குது என்பது வேறு, நெஞ்சு அடைக்குது என்பது வேறு. அந்த வித்தியாசம் காதில் விழாத டாக்டரிடம் இருப்பதும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

நீட் இதையெல்லாம் அளப்பதில்லை. 180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க். உயிரியலுக்கு மட்டும் 90 கேள்வி. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிவு. ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் கருத்தாலும் கழிவுதான்.

இப்போது சீத்தா கதைக்கு வருகிறேன். 2018 நீட் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போட்டார்கள். 'சீட்டா' என்ற இங்கிலீஷ் சொல்லுக்குச் சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் சீத்தா! பிள்ளை என்ன நினைக்கும்? சீத்தாப்பழமா? சீதாப்பிராட்டியா? பழம் எப்போது பாய்ந்து மான் பிடித்தது? (இந்த இடத்தில் சபை சிரித்து அடங்கக் கொஞ்சம் நேரமாயிற்று.) சிரிக்கிறோம். அந்தக் கூடத்தில் பதினேழு வயசுப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்திருக்காது. ஒரு கேள்விக்கு நாலு வீதம் 196 மார்க் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழும் இங்கிலீஷும் முரண்பட்டால் இங்கிலீஷ்தான் செல்லும் என்பது விதி. ஆகவே பிள்ளைகளே, தமிழ்த் தாள் வாங்கினாலும் சந்தேகம் வந்த இடத்தில் பக்கத்திலிருக்கும் இங்கிலீஷ் வரியில் கண்ணை ஓட்டுங்கள். ஆனால் முதலில் அந்தத் தமிழ்த் தாள் கைக்கு வர வேண்டுமே!

பாலக்காட்டில் தேர்வு மையம் போட்டால் இங்கிலீஷ், இந்தி, உருது, மலையாளம் கிடைக்கும். தமிழ் கிடைக்காது. நம் பிள்ளை பத்தாவது வரை தமிழில் படித்திருப்பான். விண்ணப்பத்தில் குறித்த மொழியைக் கெடு முடிந்த பிறகு மாற்றவும் முடியாது. சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசுகிறவர்கள் ஒன்றிரண்டு பேரா? அச்சடித்த தாள் கோயம்புத்தூர் வரை வருகிறது, எல்லையிலிருக்கும் வாளையாறு தாண்ட மாட்டேனென்கிறது! இதைக் கேட்கத்தான் இந்தக் கூட்டமே.

இன்னொன்று. நீட் எழுதினால் போதுமென்று இருந்துவிடாதீர்கள். கேரள ரேங்க் பட்டியலுக்குக் கீம் என்கிற மாநில நுழைவுத் தேர்வு விண்ணப்பம் தனி. நீட்டுக்கு முன்பே அதன் கெடு முடிந்துவிடும். அதைத் தவறவிட்டவன் எத்தனை மார்க் வாங்கினாலும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த மார்க்கும் ஏட்டுச் சுரைக்காய். அப்புறம் இனிஷியல். பத்தாவது சான்றிதழில் 'எம். செல்வி', ஆதாரில் 'செல்வி முருகேசன்' என்றால் அட்சயா என்கிற அரசு இ-சேவை மையத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள். பிற்பட்ட வகுப்பில் வசதி வரம்பைத் தாண்டாதவர் என்று காட்டும் நான்-கிரீமிலேயர் சான்று மாநிலத்துக்கு வேறு, மத்திய ஒதுக்கீட்டுக்கு வேறு. வில்லேஜ் ஆபீசில் எதற்கென்று சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை, பிரசிடெண்ட் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாலக்காட்டு மையங்களுக்குத் தமிழ்த் தாள் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், முகவரி, பிள்ளை படிக்கும் வகுப்பு, மூன்றும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, கையோடு கொண்டுபோய்விடாதீர்கள்.