வங்கி விழுந்தால் யார் பணம் போகும்?

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

கரூர் வணிகர்கள் ஏழு பேர் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில் இனி ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று 2020 நவம்பர் 17 அன்று அறிவிப்பு வந்தது. பத்தே நாளில், 27-ஆம் தேதி, அந்த வங்கியை சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைத்தார்கள். தடை நீங்கியது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் பங்குகள் அத்தனையும் ரத்து. தாத்தா வாங்கி வைத்த பங்காக இருந்தாலும் சரி, போன வாரம் வாங்கியதாக இருந்தாலும் சரி, கையில் ஒன்றும் இல்லை. சுமார் 318 கோடி ரூபாய்க்கான கடன் பத்திரங்களுக்கும் அதே கதி.

அநியாயம் என்று பலர் கொதித்தார்கள். நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களுக்காக எனக்கும் வருத்தம் உண்டு. ஆனாலும், நஷ்டம் வந்தால் முதலில் யார் தாங்குவது, கடைசியில் யார் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் வங்கிச் சட்டத்தின் தலையாய வேலை என்பேன். எந்தச் சட்டமும் எல்லா வங்கியையும் விழாமல் காத்துவிடாது.

1906 அக்டோபரில் மதராஸில் அர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி திவாலானபோது, பணம் போட்டவர்களைக் காக்க அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. அதை நடத்திய சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதச் சிறை கிடைத்தது. அவரைச் சிறைக்கு அனுப்பியதால் யாருடைய சேமிப்பும் திரும்பி வந்துவிடவில்லை. அந்தச் சூட்டில்தான், மறு ஆண்டே, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

அடுத்த பாடம் கேரளத்தில். 1960 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உயர் நீதிமன்றத்துக்குப் போய் பாலாய் சென்ட்ரல் வங்கியை மூட வைத்தது. அதன் பிறகுதான் இரண்டு காரியங்கள் நடந்தன. தள்ளாடும் வங்கியை நிறுத்தி வைத்து, வேறொன்றோடு கட்டாயமாக இணைக்கும்படி வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு அதே ஆண்டில் திருத்தப்பட்டது. 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் காப்பீடு வந்தது. வங்கி விழுந்தால் ஆளுக்கு 1,500 ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். கரூரில் பத்து நாளில் கதவு திறந்தது அந்த 45-ஆவது பிரிவால்தான். பாலாயில் பட்ட அடி, அறுபது ஆண்டு கழித்து இங்கே உதவியது.

காப்பீட்டுத் தொகை 1993-ல் ஒரு லட்சமானது. பிறகு இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் அசையவே இல்லை. 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி சிக்கியது. கடனில் பெரும்பகுதி ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதைப் பொய்க் கணக்குகளால் மூடி வைத்திருந்தார்கள். முதலில் ஆளுக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு மும்பையில் என்ன செய்வது? 2020 பிப்ரவரியில் காப்பீடு ஐந்து லட்சமானது. 2021 திருத்தம், வங்கி முடக்கப்பட்டால் 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணம் கிடைக்க வழி செய்தது. ஐந்து லட்சத்தைவிட இந்தத் தொண்ணூறு நாளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதற்கு முன்பு, உரிமம் ரத்தாகி, கலைப்பு தொடங்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு அதுவரை காத்திருக்குமா?

வீட்டுக்குப் போனதும் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். ஐந்து லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் கரூர்க் கிளையில் நான்கு லட்சம், ஈரோட்டுக் கிளையில் மூன்று லட்சம் உங்கள் பெயரில் இருந்தாலும் காப்பீடு ஐந்துதான். பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது. உங்களிடம் பிடிக்கக் கூடாது. நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இது உண்டு. ஆனால் ஊரில் நாம் சொசைட்டி என்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. நிதி நிறுவனத்துக்கும் சீட்டுக்கும் கிடையாது. நிதி நிறுவனம் ஏமாற்றினால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அரசு சொத்தை முடக்கலாம், சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்றுப் பிரித்துத் தரலாம். அதுவும், முடக்குவதற்குச் சொத்து ஏதாவது மிஞ்சியிருந்தால்.